ஊமைக்காயம்: காவல்நிலைய எழுத்தும் நம் எழுத்தும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று ஊரில் கேட்பார்கள். எனக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலை கிடைத்தது. 2012ல், ஒரு காவல்நிலையத்தில், ஒரு ராத்திரி. சம்பளம் கிடையாது.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தான். அளத்தில் மோட்டாருக்குப் போகிற செம்புக்கம்பி காணாமல் போய்விட்டது. யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தெருவில் தேடவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் தெருவுக்குள் வந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 'சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருதோம்' என்றார்கள். கைது என்று சொல்லவில்லை. காகிதம் எதுவும் இல்லை. ரெண்டு ராத்திரி கழித்துக் கம்பி வேறு எங்கேயோ கிடைத்துவிட்டது, 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று ஆள் வந்து சொன்னான். பெரியம்மாவோடு நான் போனேன். அண்ணனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. உள்ளங்கால் தரையில் முழுசாகப் படாமல் நடந்து வந்தான்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்து, 'நீ என்னல படிக்க?' என்றார். 'எம்.ஏ. தமிழ் சார்.' 'நல்லதாப் போச்சு. நீயே எழுது. தமிழ் சுத்தமா இருக்கும்.' அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கழிப்பறையில் வழுக்கி விழுந்ததில் கையில் அடிபட்டது என்றும், காவலர்கள் எவ்விதத் துன்புறுத்தலும் செய்யவில்லை என்றும், நல்ல நிலையில் அழைத்துச் செல்கிறேன் என்றும் எழுதினேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. பெரியம்மா கைநாட்டு வைத்தாள். அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு கவிதை எழுதியிருக்கிறேன், கட்டுரை எழுதியிருக்கிறேன், துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். என் எழுத்து ஒரு மனுசனின் உடம்பில் உடனடியாகச் செயல்பட்டது அந்த அரைப்பக்கத்தில்தான். ஆகவே போலீஸ் வன்முறை பற்றி நம் இலக்கியமும் சினிமாவும் என்ன சொல்லியிருக்கின்றன என்று விமர்சிக்க வரும்போது அந்தப் பிரதியை விட்டுவிட்டு நான் தொடங்க முடியாது. அதன் ஆசிரியன் நான்.

2

சங்கம் முதல் பின்நவீனத்துவம் வரை பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார்கள். சேரி சனம் தன் வாழ்நாளில் அதிகம் சந்திக்கிற தமிழ் உரைநடை எது என்று யாரும் கேட்பதில்லை. முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலம், ரிமாண்ட் அறிக்கை: இவைதான் அந்த உரைநடை. இதற்கென்று ஒரு மரபு இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது. முதல் விதி, எழுவாயை மறை. 'அடிபட்டது', 'காயம் ஏற்பட்டது', 'உடல்நலக் குறைவு ஏற்பட்டது.' அடித்தவன் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. இரண்டாவது விதி, எழுவாய் தேவைப்பட்டால் ஒரு பொருளைப் போடு. தரை அடிக்கும். கழிப்பறை அடிக்கும். ரயில் அடிக்கும். தமிழ்நாட்டில் போலீஸ் கழிப்பறைகள் உடைத்த கைகால்களைப் பத்திரிகைகள் வாராவாரம் மாவுக்கட்டோடு படம் போட்டன. நாமும் சிரித்துக்கொண்டே பார்த்தோம். அந்தச் சிரிப்பும் விமர்சனத்துக்கு உரியதுதான்.

இந்த மரபின் உச்சம் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. 2020 ஜூன் 19ல் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று செல்போன் கடைக்காரர் ஜெயராஜைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே போனார். இருவரும் தரையில் உட்கார்ந்து ஏசினார்கள், உருண்டு புரண்டார்கள், அதனால் ஊமைக்காயம் பட்டது என்கிற தோரணையில் அறிக்கை எழுதப்பட்டது. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கிடைத்தது. நடுவர் ரிமாண்ட் உத்தரவு கொடுத்தார். பக்கத்தில் இல்லாத கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 விடியக்காலை அப்பா இறந்தார்.

ஊமைக்காயம் என்பது கிராமத்துச் சொல். வெளியே தெரியாமல் உள்ளே வலிக்கிற அடிக்கு நம் சனம் வைத்த பேர். அந்தச் சொல்லை நம்மிடமிருந்து எடுத்து, நமக்கு எதிராகவே அறிக்கையில் உட்காரவைத்திருக்கிறார்கள். காயம் ஊமையாக இருக்கவேண்டும் என்பதுதான் அந்த உரைநடையின் நோக்கமே.

ஆனால் அந்த முறை காயம் பேசியது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாக வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர் பாரதிதாசனிடம் ஒரு காவலர், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில் கொச்சையாகப் பேசியது அவருடைய அறிக்கையிலேயே பதிவானது. நிலையத்துக் கேமராப் பதிவுகள் தினந்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. காவல்நிலையத்தையே வருவாய்த்துறை பொறுப்பில் எடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. உள்ளே இருந்த தலைமைக் காவலர் ரேவதி ராத்திரி முழுக்க அடித்ததைச் சொன்னார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார். சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட முதலில் பயந்தார், பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகு போட்டார்.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்தக் கையெழுத்தைத்தான். சீருடை போட்ட, சம்பளம் வாங்குகிற, அந்த நிலையத்திலேயே வேலை செய்கிற ஒரு ஏட்டுக்கே தன் பேரைக் காகிதத்தில் எழுதக் கை நடுங்குகிறது. அப்படியானால் கைநாட்டு வைத்த என் பெரியம்மா எம்மாத்திரம்?

3

காவலில் இருப்பவனுக்கு உரிமையே இல்லை என்று நினைப்பது நம் சனத்தின் அனுபவம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசமைப்பில் 21ஆம் பிரிவு உயிருக்கும், 22ஆம் பிரிவு கைதானவனுக்கும் பாதுகாப்புச் சொல்கிறது. ஏன் கைது என்று சொல்லவேண்டும், வக்கீலைப் பார்க்க விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்தவேண்டும்.

இதற்கு மேல் சட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் ஒரு தமிழ் மாணவனுக்குச் சுவாரசியமான விசயம் தென்படுகிறது. மூன்று பெரிய தீர்ப்புகள், மூன்றும் கடிதத்திலிருந்து பிறந்தவை.

முதல் கடிதம் சிறைக்குள்ளிருந்து வந்தது. டில்லி திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததாக உச்சநீதிமன்ற நீதிபதிக்கு எழுதினார். தனக்காக எழுதவில்லை, பக்கத்து அறைக்காரனுக்காக எழுதினார். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சிறைக்கதவுக்குள் போனதும் அடிப்படை உரிமை செத்துப்போவதில்லை.

இரண்டாவது கடிதம் ஒரு தாயுடையது. ஒரிசாவில் நீலாபதி பெஹராவின் 22 வயது மகனை 1987 டிசம்பரில் போலீஸ் கொண்டுபோனது. மறுநாள் பிணம் தண்டவாளத்தில் கிடந்தது. தப்பி ஓடினான், ரயில் அடித்தது என்றார்கள். மேலே சொன்ன இரண்டாவது இலக்கண விதி. 1988ல் அந்தத் தாய் எழுதிய கடிதம் மனுவானது. 1993ல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவு வந்தது. காவலில் செத்தால் அரசே நேரடியாகப் பொறுப்பு என்று சட்டமானது.

மூன்றாவது, மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பொன்றை நடத்திய டி.கே. பாசு 1986ல் எழுதியது. லாக்கப் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்துத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினார். பத்து வருசம் கழித்து, 1996 டிசம்பர் 18ல், பதினோரு கட்டளைகள் வந்தன. கைது செய்கிறவர் பேர்ப்பட்டை அணியவேண்டும். நேரம், தேதியோடு கைதுக் குறிப்பு எழுதவேண்டும். உறவினருக்குத் தகவல் போகவேண்டும். உடம்பில் உள்ள காயங்களைக் கைதாகும்போதே குறித்து இருதரப்பும் கையெழுத்துப் போட்டு, கைதானவனுக்கு ஒரு நகல் தரவேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம்.

இந்தக் கட்டளைகளைப் படித்தால் பெரும்பாலானவை எழுத்து சம்பந்தப்பட்டவை. எழுது, குறி, கையெழுத்து வாங்கு, நகல் கொடு. எழுதப்படாத மணிநேரங்களில்தான் அடி விழுகிறது என்று நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. என் அண்ணனின் ரெண்டு ராத்திரிகள் அப்படிப்பட்ட எழுதப்படாத ராத்திரிகள். கடைசியில் எழுதப்பட்டது நான் எழுதியது மட்டும். மூன்று பேர் எழுதிய கடிதங்கள் சட்டமாயின. நான் எழுதிய கடிதம் சட்டத்தைக் கொன்றது. எழுதத் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா?

2024 ஜூலை 1லிருந்து பழைய குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாக நாக்கில் நுழையாத பேர்களோடு புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. பாதுகாப்புகள் எண் மாறி அங்கே இருக்கின்றன. புதிய நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, தப்பிப்பதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் கைதானவனைக் கட்டுப்படுத்தாதே என்கிறது. 58ஆம் பிரிவு 24 மணி நேரக் கணக்கு. காவலில் செத்தாலோ காணாமல் போனாலோ நீதித்துறை நடுவர் விசாரிக்கவேண்டும் என்பது 196ஆம் பிரிவு. வாக்குமூலம் கறக்க அடித்தால் ஏழு வருசம், கொடுங்காயமானால் பத்து வருசம் வரை தண்டனை என்று நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இழப்பும் உண்டு. பதினைந்து நாள் போலீஸ் காவலை முன்பு போல முதல் பதினைந்து நாளுக்குள் என்றில்லாமல், 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். ஜாமீன் வருமா, மறுபடி ஸ்டேஷனுக்கா என்று ஒருவன் அத்தனை நாளும் பயந்துகொண்டே இருக்கவேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997ல் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதை ஏற்புறுதி செய்யவில்லை. என் பெரியம்மா வைத்த கைநாட்டுக்கு இருந்த மரியாதை அந்தக் கையெழுத்துக்கு இல்லை.

4

இனி நம் படைப்புகள்.

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திராவின் குண்டூரில் தான் அடைபட்டு அடிபட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். 2015ல் வெற்றிமாறன் அதை 'விசாரணை' ஆக்கினார். தேசிய விருது வாங்கியது, ஆஸ்கருக்குப் போனது. அடிக்கிற காட்சிகளில் படம் பொய் சொல்லவில்லை. என் விமர்சனம் வேறு இடத்தில். புத்தகத்தின் அரசியலே அடிபட்டவன் திரும்பி வந்து எழுதினான் என்பதுதான். படத்தில் அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை. கொல்லப்படுகிறார்கள். சோகம் முழுமையாகிவிடுகிறது, சாட்சி காணாமல் போய்விடுகிறான். பார்வையாளன் கனத்த மனதோடு வீட்டுக்குப் போகிறான், கேள்வியோடு போவதில்லை.

2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்' தொடக்கத்தில், விடுதலையாகி வெளியே வருகிறவர்களைச் சிறைவாசலில் நிறுத்திச் சாதி கேட்டுப் பிரிக்கிற காட்சி வருகிறது. ஒரு தரப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களைப் பொய் வழக்குக்காகத் திரும்பப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தமிழ் சினிமாவில் போலீஸ் பற்றி எடுத்ததில் இதைவிட உண்மையான ஐந்து நிமிடம் நான் பார்த்ததில்லை. ஆனால் 1993ல் கம்மாபுரம் காவல்நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளர் ஆக்கியது. நல்லெண்ணம் இருக்கலாம். இருளர்களுக்கு நன்மையும் நடந்திருக்கலாம். ஆனாலும் குறவர் என்றாலே திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட சனத்திடமிருந்து, நீதி கேட்டு நின்ற ஒரு சரித்திரத்தை எடுத்து இன்னொருவரிடம் கொடுக்க யாருக்கு உரிமை? இன்னொன்று: சமரசத்துக்கு வராமல் வருசக்கணக்காக நின்றவள் செத்தவனின் மனைவி. படம் முடியும்போது நம் மனசில் நிற்பது வக்கீலின் வேகநடை.

அதே வருசம் டிசம்பரில் வந்த ஃபிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' அவ்வளவு பேசப்படவில்லை. எனக்கு அதுதான் நெருக்கம். சட்டவிரோதக் காவலில் வைக்கப்பட்ட ஆராய்ச்சி மாணவன். ஓய்வு பெறப்போகிற, காவல்நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர். இந்த ரைட்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சாதாரணமாகச் சொன்ன ஒரு யோசனை அந்த மாணவனை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடுகிறது. வன்முறை லத்தி பிடித்த கையில் மட்டும் இல்லை, பேனா பிடித்த கையிலும் இருக்கிறது என்று சொன்ன தமிழ்ப்படம் அது. தியேட்டரில் எனக்கு வேர்த்துவிட்டது. குறை என்று சொன்னால், எழுதியவனின் குற்ற உணர்வுக்குக் கிடைத்த இடம் எழுதப்பட்டவனின் கோபத்துக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரைக்கும் அதே குறை உண்டு என்று வாசகர்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

5

இனி கசப்பான ஒன்று. ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தபோது வணிகர் சங்கங்கள் தமிழ்நாடு பூராவும் கடையடைத்தன. அது நியாயம். நானும் ஊரடங்கையும் மீறி முழக்கம் போட்டவன். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை அளந்து பார்க்கிற அற்பத்தனம் எனக்கு வேண்டாம். ஆனால் அடைப்பதற்குக் கடை இல்லாதவன் லாக்கப்பில் செத்தால் எதை அடைப்பது? அளத்துப் பாத்தியை அடைக்க முடியுமா? 2022 ஏப்ரலில் சென்னையில் தலித் இளைஞர் விக்னேஷ் காவலில் இறந்தார். மெரினாவில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைத்தவர். எத்தனை நாள் பேசினோம்?

எங்கள் ஊருக்கே ஒரு நினைவு உண்டு. 1942ல் குலசேகரன்பட்டினத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் இந்தப் பகுதி இளைஞர்கள் பிடிபட்டார்கள். இரண்டு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள், பிறகு அது நிறைவேறாமல் வெளியே வந்தார்கள். அன்றைய போலீஸ் அட்டூழியத்தை ஊர் பெருமையோடு சொல்லும். சொல்லட்டும். வெள்ளைக்காரன் காலத்து அடி தியாகம். எங்கள் தெருவில் விழுகிற அடி மட்டும் எப்படிக் கேஸ் ஆகிறது?

சாதி சட்டப் பிரதிக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. கைதுக் குறிப்பில் குடும்பத்தார் அல்லது அந்த வட்டாரத்து 'மரியாதைக்குரிய' ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்றது டி.கே. பாசு தீர்ப்பு. புதுச் சட்டத்தின் 36ஆம் பிரிவிலும் அதே சொல் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் மரியாதைக்குரியவர் யார்? கம்பி காணோம் என்று எங்கள் தெருவைக் கைகாட்டியவர்தான். சட்டம் எழுதியவர்கள் ஊரை மனதில் வைத்து எழுதினார்கள், சேரியை அல்ல.

சிறையும் ஊர்தான். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததை, சண்டை வராமல் இருக்க என்று சொல்லி நியாயப்படுத்தினார்கள். சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3ல் உச்சநீதிமன்றம், சாதி பார்த்துக் கைதிகளைப் பிரிப்பதும் கழிப்பறை கழுவ ஒரு சாதி, சமைக்க ஒரு சாதி என்று வேலை பிரிப்பதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. வழுக்கி விழுகிற கழிப்பறையும் நம்முடையது, கழுவுகிற கழிப்பறையும் நம்முடையது.

6

2025 ஜூன் 28ல் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணோம் என்ற புகாரில், கோயில் காவலாளி அஜித்குமார் அடித்துக் கொல்லப்பட்டார். 44 காயங்கள் என்றது பிரேதப் பரிசோதனை. சாத்தான்குளம் முடிந்து ஐந்து வருசம். காவல்நிலையங்களில் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் பாதுகாக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. சரி, கேமரா இருக்கிற இடத்துக்கு ஏன் கூட்டிக்கொண்டு போகவேண்டும்? வேறு இடத்தில் வைத்து அடித்தார்கள். ஆனால் கோயில் ஊழியர் ஒருவர் கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று அதைச் செல்போனில் எடுத்துவிட்டார். இத்தனை வருசமாகப் போலீசுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிவந்த கழிப்பறை ஒருமுறை உண்மையைச் சொன்னது.

நம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். அடிபடுகிற உடம்பை வர்ணித்தது போதும். நேரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், பேர்ப்பட்டை இருந்ததா, எந்த வண்டி, எத்தனை மணிக்கு நடுவர் முன் நிறுத்தினார்கள், நடுவர் உடம்பைப் பார்த்தாரா. தெருவுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தால் போதும். கூட்டிக்கொண்டு போன உடனே மாவட்டக் கண்காணிப்பாளருக்கும், நடுவருக்கும், மனித உரிமை ஆணையத்துக்கும் நேரம் குறித்துத் தந்தி போல ஒரு வரி அனுப்புங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. நடுவர் முன்னால் வாயைத் திறந்து 'அடிச்சாங்க' என்று சொல்லப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதை எழுதவேண்டியது நடுவரின் கடமை. முக்கியமாக, படித்தவர்களே, யார் சொல்லச் சொல்லவும் எழுதாதீர்கள்.

அண்ணன் இப்போதும் அளத்துக்குத்தான் போகிறான். மழைக்காலம் வந்தால் வலது தோள் இறங்கிவிடும். போன வருசம் ஒரு சாவு வீட்டில் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று கேட்டான்: 'ஏல, அன்னைக்கு அதுல என்னல எழுதுன?' பதிமூன்று வருசமாக அவன் கேட்காத கேள்வி. பொய்யாக எழுதினேன் என்றேன். 'அது தெரியும்ல. என்ன எழுதுனன்னு கேட்டேன்.' சொன்னேன். கொஞ்சநேரம் சும்மா இருந்தான். 'நல்ல தமிழாத்தான் இருக்கு' என்றான்.

அந்தக் காகிதத்துக்கு நகல் இல்லை. எங்கோ கட்டுக்குள் கிடக்கும், அல்லது எரித்திருப்பார்கள். ஆகவே அதற்கான திருத்தத்தை இங்கே எழுதுகிறேன். 2012ல் என் அண்ணன் கழிப்பறையில் வழுக்கி விழவில்லை. காவலர்கள் அடித்தார்கள். ரெண்டு ராத்திரி அடித்தார்கள். நல்ல நிலையில் நாங்கள் அவனை அழைத்துக்கொண்டு வரவில்லை.